பத்து எண்ணுவதற்குள்

எங்கள் லாட்டன் மேட்டில் வந்து நெரெய்தா வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். கத்தரிக்கோல் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். தையலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூடிக்கிடக்கும் மருந்துக்கடை வாசலில் சின்ன மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தீர்ந்துபோன சிகரெட் லைட்டர்களுக்கு கேஸ் நிரப்பித் தருவது அவள் பிழைப்பு. ஹவானாவில் லைட்டரைத் தூக்கி எறிகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லையென்றால் பைத்தியக்காரன். அவள் கையில் ஒரு லைட்டர் பத்துப் பன்னிரண்டு பிறவி எடுக்கும். மேசைக்குப் பக்கத்தில் யாராவது சுருட்டைப் பற்ற வைத்தால் எழுந்து போய் வாயிலிருந்தே பிடுங்கிவிடுவாள். பாதிரியார் வாயிலிருந்தும் பிடுங்கியிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை வேறு. அப்போது எங்கள் வீடுகளில் இணையம் கிடையாது. அதனால் நாங்களே மொட்டை மாடிக்கு மொட்டை மாடி கம்பி இழுத்து, தண்ணீர்த் தொட்டிகளில் கட்டி, எண்பத்து மூன்று வீட்டுக் கணினிகளை ஒன்றாகக் கோர்த்திருந்தோம். விளையாடலாம், அரட்டை அடிக்கலாம், படம் மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி நெரெய்தா வீட்டுச் சுவரில் இருந்தது. மேட்டில் அவள் வீடுதான் உயரம். அவள் மாடியில் நின்ற ஆண்டெனா வழியாக மற்றப் பேட்டைகளோடும் பேச்சு உண்டு.

மே முதல் அக்டோபர் வரை எங்கள் ஊரில் மதியம் ஆனால் இடி. மாடிக் கம்பியில் மின்னல் இறங்கினால் எண்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேரும். எனவே பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவர், இடி நெருங்கும்போது கம்பிகளைப் பிடுங்கிவிட வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ண வேண்டும். பதினைந்துக்குள் சத்தம் கேட்டால் எச்சரிக்கை, பத்துக்குள் கேட்டால் பிடுங்கல். நெரெய்தா எல்லாக் கம்பி நுனிகளிலும் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் கொக்கிகளை நறுக்கி, ஒரு மரச்சட்டத்தில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தாள். ‘இடி. எடுக்கிறேன்’ என்று எல்லார் திரைக்கும் ஒரு வரி தட்டுவாள். பிறகு ஒரே இழுப்பு. யாருடைய விளையாட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். அதனால்தான் கத்தரிக்கோல். இடி இடித்தால்தான் மின்னலிலிருந்து காக்கும் புனிதை சாந்தா பார்பராவின் நினைவு வரும் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு. நெரெய்தாவின் நினைவும் எங்களுக்கு அப்போதுதான் வந்தது, திட்டுவதற்கு.

நான் ஓஸ்னியல். ரேஷன் ரொட்டி சுடுகிறவன், அவளுக்குப் பக்கத்து வீடு. திட்டியவர்களில் என் குரல்தான் பெரியது. ஆனால் நான் சொல்லாமல் மறைத்த ஒன்று உண்டு. 2016 ஜூலையில், பேட்டைகளுக்கு இடையிலான ஒரு போட்டியில் நான் ஜெயிக்கும் நிலையில் இருந்தேன். வானம் எட்டு எண்ணிக்கையில் இடித்தது. நான் அவள் வீட்டுக்குள் ஓடி, சட்டத்தைப் பிடித்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரே ஒரு நிமிஷம் குடு, உன் கால்ல விழறேன்” என்றேன். அவள் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தாள். மின்னல் ஆண்டெனாக் கம்பத்தில் இறங்கியது. பெட்டி கருகியது. பதினோரு வீட்டுக் கணினிகள் கெட்டன. கீழ்வீட்டு எவேலியோ கிழவருடையது முற்றிலும் எரிந்தே போனது. அவர் சதுரங்க நடுவராக இருந்தவர். நாற்பது வருட ஆட்டங்களை அதில் தட்டி வைத்திருந்தார்.

கூட்டம் கூடியபோது, “இழுக்காம விட்டது என் தப்பு” என்றாள் நெரெய்தா. என் பெயரை இழுக்கவில்லை. நான் கடைசி வரிசையில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தினமும் அவள் வாசலில் ஒரு ரொட்டியும் கிழவர் வாசலில் ஒரு ரொட்டியும் வைத்துவிட்டுப் போகிறேன். வாயால் சொல்லவேண்டியதை ரொட்டியால் சொல்லிவிடலாம் என்று நினைக்கிற கோழை நான்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். அதன் உண்மையான பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நாங்கள் பத்து வயதில் இருக்கும்போது பேட்டைக் கணினி மன்றத்துக்கு யாரோ கொண்டுவந்த வட்டில் அது இருந்தது. முகப்பில் இருந்த எழுத்தை ஆசிரியராலும் படிக்க முடியவில்லை. மூன்று கப்பல் என்று நாங்களே பெயர் வைத்தோம். விண்வெளியில் மூன்று கப்பல்கள் ஒரு புதிய கோளைத் தேடிப் போகும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் விதை, ஒன்றில் மக்கள். மூன்று பேர் மூன்று கணினியில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். நெரெய்தா தண்ணீர். நான் விதை. அவள் தங்கை யாயிமா மக்கள்.

கடைசியில் கரும்பட்டை என்று ஒரு தூசி வெளி வரும். அதற்குள் நுழைந்தால் நடுவில் சேமித்து வைக்க முடியாது. இரண்டரை மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும். மன்றத்தில் எங்கள் முறை நாற்பது நிமிடம். அதனால் சின்ன வயதில் அந்தக் கோளை நாங்கள் பார்த்ததே இல்லை. வளர்ந்து, எங்கள் மாடிக் கம்பிகள் வந்த பிறகு எத்தனையோ தடவை முயன்றோம். மின்சாரம் போனது, இடி வந்தது, ஒரு தடவை எலி கம்பியைக் கடித்தது. ஒரு கப்பலின் தொடர்பு அறுந்தால் விளையாட்டு நின்று, மற்றவர் திரையில் ஒரு கேள்வி வரும். படங்களை வைத்து நாங்களே அதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்திருந்தோம். ‘ஒரு கப்பல் வரவில்லை. தொடரலாமா?’ ஆம் என்றால் மீதிக் கப்பல்கள் போகும். இல்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து. நாங்கள் எப்போதும் இல்லை என்றே அமுக்கினோம். போனால் மூவரும் சேர்ந்துதான் போவது என்று பத்து வயதில் மன்றத்து வாசலில் சத்தியம் செய்திருந்தோம். குழந்தைச் சத்தியம்தான், ஆனால் இருபத்தைந்து வருடம் காப்பாற்றினோம்.

2018 மார்ச்சில் யாயிமா ஊரை விட்டுப் போகப்போவதாகச் சொன்னாள். முதலில் கயானா, அங்கிருந்து தரைவழியாக எப்படியோ உருகுவே. நமக்கு வெயில் என்றால் அங்கே குளிர். அப்பா இறந்த பிறகு அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர்தான் துணை. நெரெய்தா கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு லைட்டர் ஒன்றைத் திருகிக்கொண்டே சொன்னாள்: “போறதுன்னா போ. ஆனா போறேன்னு சொல்லிக்கிட்டு என் வாசப்படி ஏறாத.”

யாயிமாவும் அதே இரத்தம்தானே. ஏறவில்லை. சாந்தோஸ் சுவாரெஸ் பேட்டையில் அவள் குடியிருந்த வீட்டுக்கும் எங்கள் மேட்டுக்கும் சைக்கிளில் இருபது நிமிடம். ஐந்து மாதத்தில் அந்த இருபது நிமிடத்தை இருவரும் கடக்கவில்லை. ஆனால் வாரம் தவறாமல் மூன்று கப்பல் ஆடினார்கள். திரையின் அடியில் எழுதிக்கொள்ள ஒரு பட்டை உண்டு. அதில் யாயிமா ‘தண்ணீர்?’ என்பாள். நெரெய்தா ‘நாற்பது’ என்பாள். அக்காள் தங்கை பேச்சு அவ்வளவுதான். நான் நடுவில் விதையோடு உட்கார்ந்துகொண்டு, இந்த இரண்டு கழுதைகளையும் ஒரே கயிற்றில் கட்டி அடித்தால் என்ன என்று யோசிப்பேன்.

விமானம் ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். யாயிமா தன் கணினியை விற்றுவிட்டாள். வாங்கியவர் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு எடுத்துப் போக வருவார். செவ்வாய் மதியம் கரும்பட்டைக்குள் நுழையலாம், இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவள் எழுதியிருந்தாள். அதற்கு நெரெய்தா எழுதிய பதில்: ‘சரி. தண்ணீர் நிரப்பி வைக்கிறேன்.’

அன்று என் கணினியைத் தூக்கிக்கொண்டு நெரெய்தா வீட்டுக்கே போய்விட்டேன். என் வீட்டில் அம்மா தொலைக்காட்சித் தொடரைச் சத்தமாக வைத்தால் எனக்கு விதை முளைக்காது. இரண்டு மணிக்குத் தொடங்கினோம். நாலரைக்குக் கோள் தெரியவேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நெரெய்தா பெட்டிக்குக் கீழே, சட்டம் கைக்கு எட்டுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டிருந்தாள். முதல் ஒரு மணி நேரம் நாங்கள் மூச்சுகூட விடவில்லை. கரும்பட்டையில் தூசிச் சுழல்கள் சொல்லாமல் வரும். ஒன்றில் சிக்கினால் கப்பலின் கதவுகளை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்குள் தண்ணீர் குறையும்.

மூன்றே கால் மணிக்கு ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

“தெக்கால கருக்குது” என்றாள் நெரெய்தா.

“கருக்கட்டும். கடல் பக்கம் போயிரும்.”

“நீ என்ன வானிலை நிலையமா? உன் விதையைப் பாரு.”

மூன்றே முக்காலுக்கு முதல் மின்னல். இருவரும் உதட்டுக்குள் எண்ணினோம். இருபத்தி நாலு. அடுத்தது இருபத்தொன்று. பேட்டை முழுக்கப் பெண்கள் கண்ணாடிகளுக்குத் துணி போர்த்தும் நேரம். எங்கள் ஊரில் இடி நேரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் திறந்து வைக்கமாட்டார்கள், மின்னலை இழுக்குமாம். நாலு மணிக்குக் கதவடியில் செருப்புச் சத்தம் கேட்டது. எவேலியோ கிழவர். இரண்டு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவர், பனியனோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

“என் வீட்ல கண்ணாடிக்கெல்லாம் துணி போட்டாச்சு” என்றார். “உன் பெட்டிக்கு எப்போ?”

“இப்பதான் பதினெட்டு எண்ணினேன் பெரியவரே. நேரம் இருக்கு.”

“போன தடவையும் நேரம் இருக்குன்னுதான் இருந்தே.”

நெரெய்தா திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது மட்டும் சிவந்தது. திரையில் யாயிமா எழுதினாள்: ‘தண்ணீர்?’ நெரெய்தா தட்டினாள்: ‘முப்பத்தொன்று.’ இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. அடுத்த மின்னல் ஜன்னலை வெளுக்க வைத்தது. கிழவர் உரக்க எண்ண ஆரம்பித்தார். நடுவராக இருந்தவர் அல்லவா, கடிகாரம் தவறாது. பதினாலில் இடித்தது.

நெரெய்தா எச்சரிக்கை வரியை எல்லார் திரைக்கும் தட்டினாள். உடனே மேட்டின் எல்லா ஜன்னல்களிலிருந்தும் வழக்கமான குரல்கள். “கத்தரிக்கோலு, இன்னும் கொஞ்ச நேரம்டி.” “உனக்குக் கல்யாணம் ஆகாததே இதனாலதான்.” அவளும் இன்று ஆடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

“பாரு, இன்னிக்கு அவளே ஆட்டத்துல இருக்கா” என்றார் கிழவர், என்னைப் பார்த்து. “அன்னிக்கு யாருக்காகவோ எரிஞ்சுது என் ஆட்டமெல்லாம். இன்னிக்கு அவளுக்காகவே எரியட்டும்.”

இரண்டு வருடம் செருப்பைப் பார்த்தது போதும் என்று தோன்றியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“எனக்காகத்தான் எரிஞ்சுது பெரியவரே. அவ இழுக்கத்தான் போனா. நான்தான் கையைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன்.”

கிழவர் என் பக்கம் திரும்பினார்.

“இப்ப எதுக்குடா அதெல்லாம்” என்றாள் நெரெய்தா. “இடது பக்கம் சுழல் வருது. கதவை மூடு.”

மூடினேன். கிழவர் தொண்டையைச் செருமினார். “தினம் ஒரு ரொட்டி வருதே. அதுக்குத்தானா?”

“ஆமா.”

“உப்பே இல்ல” என்றார். ஆனால் போகவில்லை. உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

நாலு இருபது. பன்னிரண்டு எண்ணிக்கை. பிறகு பதினொன்று. காற்று மாடித் தகரங்களைத் தட்ட ஆரம்பித்தது. கோள் இன்னும் தெரியவில்லை, ஆனால் தூசி பழுப்பாக மாறியிருந்தது. இவ்வளவு தூரம் நாங்கள் வந்ததே கிடையாது. திரை மூலையில் மீதி நேரம் பதினோரு நிமிடம் என்று காட்டியது. பதினோரு நிமிடம் என்பது ஒரு தட்டு ரொட்டி வேகும் நேரம்கூட இல்லை. கடவுளே, மின்னலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டு என்று நான் உண்மையாகவே வேண்டினேன்.

அறை முழுக்க வெளுத்தது.

கிழவர் எண்ணவில்லை. நெரெய்தாதான் எண்ணினாள், சத்தமாக. “ஒன்னு. ரெண்டு. மூணு.” அவள் வலது கை மவுஸில், இடது கை மேலே சட்டத்தில். “ஆறு. ஏழு. எட்டு.” ஒன்பது சொல்ல வாயைத் திறந்தபோது ஜன்னல் அதிர்ந்தது.

அவள் நகரவில்லை. அப்போது திரையின் அடியில் ஒரு வரி வந்தது. யாயிமா. ‘அக்கா, அங்கே இடியா?’ ஐந்து மாதத்தில் தண்ணீரும் விதையும் இல்லாத முதல் வரி அது. அக்கா என்று எழுதியிருந்தாள்.

நெரெய்தா அதைப் பார்த்தபடி இருந்தாள். விசைப்பலகையில் அவள் விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. கடைசியில் எல்லாருக்கும் எப்போதும் எழுதுவதையே எழுதினாள். ‘இடி. எடுக்கிறேன்.’

பிறகு சட்டத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“ஓஸ்னி” என்றாள். “நீ இழு. எனக்குக் கை வரல.”

நான் எழுந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேனோ அதே கை. அதை மெல்ல விலக்கிவிட்டு, சட்டத்தைப் பிடித்து இழுத்தேன். நுனிகள் எல்லாம் ஒரே சொடுக்கில் வெளியே வந்தன. பெட்டியில் பச்சை விளக்குகள் அணைந்தன. எங்கள் இருவர் திரையிலும் கப்பல்கள் அப்படியே உறைந்து நின்றன. அன்று விளையாட்டைத் தாங்கியது யாயிமாவின் கணினி, கேள்வி இனி அங்கேதான் வரும்.

அடுத்த மின்னலுக்காகக் காத்திருந்தோம். வந்தது. பதிமூன்று. அதற்கு அடுத்தது பத்தொன்பது. பிறகு எண்ணத் தேவையில்லாமல் போயிற்று. மேகம் கடலைப் பார்க்கப் போய்விட்டது. எங்கள் மேட்டில் ஒரு தகரத்தின்மேல்கூட மின்னல் விழவில்லை, லேசாகத் தூறியது, அவ்வளவுதான். இழுக்காமல் விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன வேண்டும். அந்த மேகம் கையில் கிடைத்திருந்தால் பிழிந்திருப்பேன்.

கிழவர் எழுந்தார். “ஒம்போதுக்கு இழுத்தாச்சு. விதிப்படி சரி” என்றார். வாசலில் நின்று, “நாளைக்கு உப்பு போடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நெரெய்தா கம்பிகளைத் திரும்பச் செருகவில்லை. செருகியும் பயனில்லை. அறுந்த கப்பல் அறுந்ததுதான், அந்த விளையாட்டில் மறுபடி ஒட்டாது. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அப்போதும் அழவில்லை. மணி நாலு முப்பத்திரண்டு.

“அவ்வளவுதான்” என்றாள். “அஞ்சு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க. நாளன்னிக்கு அவளும் போயிருவா.”

“கம்பிதானே போச்சு. உனக்குக் கால் இருக்குல்ல?”

“வாசப்படி ஏறாதன்னு சொன்னவ நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறது?”

“உன் வாசப்படியை அவ ஏறக்கூடாதுன்னு சொன்ன. அவ வாசப்படியை நீ ஏறமாட்டேன்னு எப்பச் சொன்ன?”

அவள் என்னை முறைத்தாள். என்னை அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். பிறகு எழுந்து, “உன் சைக்கிள் எங்கடா?” என்றாள்.

அவளை முன்கம்பியில் உட்கார வைத்து மேட்டிலிருந்து விட்டேன். என் சைக்கிளுக்கு முன் பிரேக் கிடையாது. ஈரச் சாலையில் அவள், “மெதுவா போடா, நான் உயிரோட போய்ச் சேரணும்” என்றாள், அடுத்த வாயில் “வேகமா மிதிடா, மணி என்ன” என்றாள். பத்து அக்டோபர் என்ற பெரிய சாலைக்கு வந்தோம். சந்தியில் சிக்னல் விளக்குகள் எரியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார். மின்சாரம் போயிருந்தது.

“அங்கயும் போயிருந்தா?” என்றாள் நெரெய்தா.

யாயிமாவின் கணினியில் கப்பல்கள் இன்னும் நின்றுகொண்டிருக்க வேண்டும், கேள்வி இன்னும் திரையில் இருக்க வேண்டும். அவள் இல்லை என்று அமுக்கியிருந்தாலோ, மின்சாரம் போயிருந்தாலோ, எல்லாம் முடிந்தது. சாலையைக் கடந்து இரண்டாவது தெருவில் ஒரு முடிதிருத்தும் கடை ஜன்னலில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன். நெரெய்தாவும் பார்த்தாள். நான் நின்றபடி மிதித்தேன்.

நாலு ஐம்பத்தைந்துக்கு யாயிமா வீட்டு வாசலில் ஒரு தள்ளுவண்டி நின்றது. வாங்க வந்தவர் முன்கூட்டியே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், நல்ல தொப்பை, முன்னறையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அது மூன்றாவது கோப்பையாம். அவரைத் தாமதப்படுத்த யாயிமா ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

யாயிமா உள்ளறை நிலையில் நின்றாள். நனைந்த பூனையாக வந்து நிற்கும் அக்காளைப் பார்த்தாள்.

“பத்துக்குள்ள இடிச்சுதா?” என்றாள்.

“ஒம்போது.”

“அப்போ எடுக்கத்தான் வேணும்.”

“ஆமா.”

ஐந்து மாதத்துக்குப் பிறகு நேரில் பேசிய பேச்சு இதுதான். நெரெய்தா அவளைத் தாண்டி அறைக்குள் பார்த்தாள். திரை எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கப்பல்களின் படத்தின் மேல் குறுக்குக் கோடு. மூன்றாவது கப்பல் தனியாக. ‘இரண்டு கப்பல்கள் வரவில்லை. தொடரலாமா?’

“இல்லைன்னு அமுக்கத்தான் உக்காந்தேன்” என்றாள் யாயிமா. “மனசு வரல. ஆமான்னு அமுக்கவும் மனசு வரல. அரை மணி நேரமா அப்படியே இருக்கு.”

நெரெய்தா போய் நாற்காலியில் பாதி இடம் விட்டு உட்கார்ந்தாள். மன்றத்தில் ஒரு நாற்காலிக்கு இருவர் என்ற காலத்தில் அப்படித்தான் உட்காருவார்கள். யாயிமா மீதிப் பாதியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் இப்போது இடுப்பு பெருத்துவிட்டது, நாற்காலி முனகியது. நெரெய்தா மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி ஆம் என்ற கட்டத்துக்கு நகர்ந்தது.

யாயிமா அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, சத்தியம் பண்ணோமே. மூணு பேரும் சேர்ந்துன்னு.”

“பண்ணோம்.”

“ஓஸ்னி, நீ சொல்லுடா.”

அமுக்கட்டும் என்று தலையை ஆட்டினேன்.

“ஒருத்தியாவது போய்ச் சேரட்டும்” என்றாள் நெரெய்தா. “போடி.”

அமுக்கினாள்.

கப்பல் நகர்ந்தது. பதினோரு நிமிடம். தண்ணீர்க் கப்பல் இல்லாததால் மக்கள் கப்பலின் சொந்த இருப்புதான், பதினாலு. நிமிடத்துக்கு ஒன்று குறையும். சுழலில் சிக்கினால் இரண்டு இரண்டாகக் குறையும். யாயிமா ஓட்டினாள். நெரெய்தா எண்ணினாள். “பன்னெண்டு. வலது பக்கம் போ. பதினொன்னு. ஐயோ, இடிக்காத, கதவை மூடு, மூடு. ஒம்போது.” முன்னறையிலிருந்து வாங்க வந்தவர் எழுந்து வந்தார். மணி ஐந்து ஆகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தவர் திரையைப் பார்த்ததும் நின்றார்.

“இது அந்தக் கப்பல் விளையாட்டுல்ல?” என்றார். “என் பையன் மன்றத்துல ஆடுவான். இந்தத் தூசியைத் தாண்டினதே இல்லன்னு புலம்புவான்.”

“உஷ்” என்றோம் மூவரும்.

அவர் தொப்பையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார். நாலு. மூன்று. இன்னொரு சுழல் பக்கவாட்டில் உரசிப் போனது. ஒன்று. பழுப்புத் தூசி சட்டென்று விலகியது, ஒரு கோள் நின்றது.

அழகு என்று சொல்ல முடியாது. பழைய விளையாட்டு, சதுரம் சதுரமாக ஒரு மண்நிற உருண்டை. கப்பல் இறங்கியது, கதவு திறந்தது, கட்டைவிரல் உயரக் குட்டி மனிதர்கள் வரிசையாக ஏணியில் இறங்கி வலது பக்கம் நடந்து மறைந்தார்கள். எட்டு சுரத்தில் ஒரு மெட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. இருபத்தைந்து வருடம் இதற்காகவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கடைசியாக இறங்கிய உருவம் மற்றவர்களோடு போகவில்லை. ஏணிக்குப் பக்கத்திலேயே, வானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. வராத கப்பல்களுக்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களோ என்னவோ. மெட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அது நின்றுகொண்டே இருந்தது.

யாயிமா அழ ஆரம்பித்தாள். “அது நான்தான்க்கா.”

நெரெய்தா அவள் தலையைத் தன் ஈரத் தோளில் சாய்த்துக்கொண்டாள். திரையில் நின்ற அந்த உருவத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நிக்காதடி. உள்ள போ. அங்க இப்போ குளிர்காலமாம்.”

வாங்க வந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னறைக்குப் போய், இன்னொரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். ஐந்தே முக்கால் வரை அவர் அவசரப்படவில்லை. கிளம்பும்போது கணினியின் கம்பிகளை நெரெய்தாவே கழற்றினாள். ஒவ்வொன்றையும் துடைத்து, சுருட்டி, கட்டி, தள்ளுவண்டியில் வைத்தாள்.

“இடி இடிச்சா எண்ணுங்க” என்றாள் அவரிடம். “பத்துக்குள்ள வந்தா புடுங்கிடணும். யார் கெஞ்சினாலும்.”